வரைபடமும் ஒப்புதலும்

திருக்குறளுக்கு உரைகண்ட பழைய ஆசிரியர்களுள் மணக்குடவரும் பரிமேலழகரும் சிறந்து விளங்குவோர். இருவரும் உரை வகுத்தது ஒரே நூலுக்கு. எனினும், அதிகாரத்தினுள்ளே குறட்பாக்களை நிறுத்திய முறை பல இடங்களில் இருவர்க்கும் வேறு. சில இடங்களிற் பாடமும் வேறு. பரிமேலழகர் வைப்புமுறைப்படி எண்ணிட்ட மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவ்வெண்ணையே பற்றி மணக்குடவர் உரையைத் தேடும் மாணாக்கன் ஒரு குறளின் பொருளை மற்றொரு குறளின்மேல் ஏற்றிப் படித்துவிடுவான். மூலத்திற் பிழை இல்லை. உரையிலும் பிழை இல்லை. இரண்டையும் பொருத்திய இடத்திலேயே பிழை புகுந்தது. இதனை யாம் வகுப்பில் ஆண்டுதோறும் எடுத்துக் கூறி வருகின்றோம்.

இவ்வுண்மை ஏட்டுக்கும் நூலுக்கும் மட்டும் உரியதன்று என்பதை எமக்கு உணர்த்தியவர் எம்மிடம் தமிழ் பயின்ற பழைய மாணவரொருவர். இயந்திர உறுப்புக்களை வடிவமைக்கும் தொழிலகமொன்றிற் பணிபுரியும் அவர், சென்ற விடுமுறையில் எம்மைக் காண வந்திருந்தார். பேச்சினிடையே அவர் கூறியது இது: "ஐயா, எங்கள் அலுவலகத்தில் மீளாய்வு நடப்பதில்லை என்று எவரும் குறைகூற முடியாது. நடந்த மீளாய்வு எந்தப் படத்துக்கு நடந்தது என்பதுதான் பல வேளைகளில் எங்களுக்குத் தெரிவதில்லை." அவர் சென்றபின்னும் அச்சொற்கள் எம் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அவற்றின் பொருளை ஆராய்ந்து, கல்லூரி அன்னையின் மைந்தர்களாய்ப் பல தொழிற்றுறைகளில் அமர்ந்திருப்போர்க்கு இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

மீளாய்வு என்பது யாது?

ஒரு பொருளைச் செய்யுமுன் அதன் உருவம், அளவு, உறுப்பு, தாங்கும் பாரம் ஆகியவற்றை எண்ணித் தாளில் அமைப்பது வடிவமைப்பு. வடிவமைத்தவர் தம் பிழையைத் தாமே காண்டல் அரிது. ஆதலின், அத்துறை அறிந்த பிறர் அதனை ஆராய்ந்து, குறை கண்டு, திருத்தம் கூறி, இறுதியில் ஒப்புதல் அளிக்கின்றனர். இதுவே மீளாய்வு. வடிவமைப்போ ஒரே நிலையில் நிற்பதன்று. இன்று ஒரு துளை இடம் மாறும். நாளை ஒரு தகடு தடிப்பேறும். மறுநாள் வேறோர் உலோகம் வந்து சேரும். இவ்வாறு மாறுந்தோறும் தோன்றும் ஒவ்வொரு நிலையையும் ஒரு பதிப்பு எனக் கொள்வோம்.

ஈண்டுத்தான் மயக்கம் பிறக்கின்றது. "இந்தப் பாலத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது", "இந்த இயந்திரம் மீளாய்வில் தேறிவிட்டது" என்று பொதுப்படப் பேசுகின்றோம். உண்மையில் ஒப்புதல் பாலத்துக்கும் அன்று, இயந்திரத்துக்கும் அன்று. ஆராய்ந்தவர் கண்முன் இருந்த அந்த ஒரு பதிப்புக்கே உரியது. பதிப்பு மாறிய அக்கணமே, பழைய ஒப்புதல் பழைய பதிப்போடு நின்றுவிடுகின்றது. இதனை மறந்தார்க்கு நேர்ந்தவற்றை இனிக் காண்போம். ஆயினும், பிறர் பிழையைக் கூறுமுன் எம் பிழையைக் கூறுதல் முறை.

பல ஆண்டுகளுக்கு முன் யாம் பணியாற்றிய ஒரு பாடசாலையில், ஆண்டிறுதித் தமிழ் வினாத்தாளையும் அதற்குரிய விடைக்குறிப்பையும் பார்வையிடும் பொறுப்பு எமக்கு வந்தது. இரண்டையும் ஊன்றிப் படித்தோம், கையொப்பமிட்டோம். அதன்பின்னர், "பிரித்தெழுதுக" என்னும் பகுதியிற் சில சொற்கள் கடினமானவை என்று கருதி வினாத்தாளில் மாற்றினர். விடைக்குறிப்பு மாற்றப்படவில்லை. எம் கையொப்பமோ இரண்டிலும் விளங்கிற்று. அதனை நம்பிய ஆசிரியர் குறிப்பில் உள்ளவாறே புள்ளியிட்டார். சரியாக எழுதிய பிள்ளைகள் புள்ளி இழந்தனர். ஒருவன் இரண்டு புள்ளியாற் சித்தியெய்தத் தவறினான். அடுத்த தவணை தொடங்கியபின்னரே பிழை வெளிப்பட்டது, புள்ளிகள் திருத்தப்பட்டன. ஆனால், அவ்விடுமுறை முழுவதும் அப்பிள்ளை தோல்வியுற்றவனாகவே வீட்டில் இருந்தான். யாம் பொய்க் கையொப்பம் இடவில்லை. ஆயினும் எம் கையொப்பம் பொய்யாயிற்று.

பெரிய மாற்றம்: கியூபெக் பாலம்

கனடா நாட்டில், கியூபெக் நகருக்கு அணித்தே, சென். லோறன்ஸ் நதிக்குக் குறுக்கே புகையிரதப் பாலமொன்று அமைக்கும் பணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைபெற்றது. இருபுறத்துத் தூண்களிலிருந்தும் கைநீட்டினாற்போல உருக்குச் சட்டங்கள் நீண்டு வந்து, நடுவே ஒன்றையொன்று சேரும் வகைப் பாலம் அது. ஆலோசகராக விளங்கியவர் தியடோர் கூப்பர் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கப் பொறியியலாளர். தூண்களுக்கிடைப்பட்ட நடு இடைவெளி முதலில் 1600 அடியாக வகுக்கப்பட்டிருந்தது. ஆழங்குறைந்த நீரில் தூண்களை எழுப்பவும், பனிக்கட்டிகள் மோதும் இடரைக் குறைக்கவும் கருதிய கூப்பர், 1900 ஆம் ஆண்டில் அதனை 1800 அடியாக்குமாறு கூறினார். ஸ்கொத்லாந்தின் போர்த் பாலத்து 1710 அடியையும் விஞ்சிய நீளம் அது.

இம்மாற்றம் எவரும் அறியாமற் செய்யப்பட்டதன்று, எல்லோரும் அறிந்தது. ஆயினும், இடைவெளி நீண்டால் உருக்கு மிகும். உருக்கு மிகுந்தால் பாலம் தன்னைத் தானே தாங்கவேண்டிய பாரமும் மிகும். அப்பாரத்தை அடியிலிருந்து மீளக் கணிக்கவேண்டிய காலத்திற் கணிக்கவில்லை. முந்திய வடிவமைப்பின் கணக்கையே பிந்திய வடிவமைப்புக்கும் கொண்டு, உறுப்புக்களைச் செய்யத் தொடங்கினர். 1906 ஆம் ஆண்டிலேயே உண்மை புலனாயிற்று. சுமார் 62 மில்லியன் இறாத்தல் என்று கொண்டிருந்த பாரம் உண்மையிற் சுமார் 73 மில்லியன் இறாத்தலாக இருந்தது. அதற்குள் உருக்கு உறுப்புக்களிற் பெரும்பகுதி செய்து முடிக்கப்பட்டிருந்தது. பாலத்தின் ஒரு பகுதியும் எழுந்துவிட்டது. மிகைப்பாரத்தைப் பாலம் பொறுக்கும் என்று கூப்பர் கருதினார், பணி தொடர்ந்தது. அரசாங்கத் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் வேறோர் அறிஞரைக் கொண்டு வரைபடங்களை ஆராய்விக்க முன்னரே விரும்பியிருந்தார். அதற்குக் கூப்பர் உடன்படவில்லை. ஆகவே, புதிய பதிப்பை அடியிலிருந்து பார்த்த இரண்டாவது கண் ஒன்றும் இல்லாதொழிந்தது.

1907 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில், அழுத்தத்தைத் தாங்கும் கீழ்ப்புற உறுப்புக்கள் வளையத் தொடங்கின. களத்திலிருந்த மேற்பார்வையாளர் நியூயோர்க்கு நகர் சென்று, நோயினாற் களத்துக்கு வர இயலாதிருந்த கூப்பரிடம் நேரிற் செய்தியைச் சொன்னார். பாரம் மேலும் ஏற்றலாகாது என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அத்தந்தி சென்றதோ பாலம் அமைத்த கம்பனியின் தலைமையிடத்துக்கு. பாலம் நின்ற இடத்துக்கன்று. அன்று ஓகத்து 29. மாலைப்பொழுதில், வேலை முடியுந் தறுவாயிற் பாலத்தின் தென்பகுதி சரிந்து நதியுள் வீழ்ந்தது. உயிரிழந்தோர் 75 பேர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் உருக்கு வேலையிற் கைதேர்ந்த மோஹாக் இனத்தொழிலாளர். ஒரே ஊரினின்று சென்ற அவர்கள் ஒரே மாலையில் மடிந்தனர்.

பின்னர் வேறு வடிவமைப்பின்படி எழுப்பிய பாலமும் 1916 இல் நடுப்பகுதியைத் தூக்கும்போது ஒருமுறை இடருற்று, 13 உயிர்களைக் கொண்டபின்னரே, 1917 இல் நிறைவெய்தியது. அதன் இடைவெளியும் 1800 அடியே. அவ்வகைப் பாலங்களுள் அதுவே இன்றும் உலகில் நெடியது. ஆகவே, 1800 அடி என்பது குற்றமன்று. 1800 அடிப் பாலத்துக்கு 1600 அடிப் பாலத்தின் கணக்கு நின்றதே குற்றம் என்க.

சிறிய மாற்றம்: கன்சாஸ் சிற்றி விடுதி

பெரிய மாற்றம் என்றால் எவரேனும் விழிப்புறக்கூடும். சிறிய மாற்றமோ ஓசையின்றி வருவது. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் சிற்றி நகரில், 1980 இல் ஹயாற் றீஜென்சி விடுதி திறக்கப்பட்டது. அதன் பெருமண்டபத்தில் நிலத்திலிருந்து தூண் நாட்டாது, கூரையினின்று உருக்குக் கோல்களால் தொங்கவிடப்பட்ட நடைபாலங்கள் இருந்தன. நான்காம் மாடி நடைபாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாலம் தொங்கிற்று. முதல் வரைபடத்தின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கோல் மேற்பாலத்தை ஊடுருவிக் கீழ்ப்பாலம்வரை செல்லவேண்டும். அவ்வாறாயின், மேற்பாலத்துக் குறுக்கு விட்டத்தின்கீழ்த் திருகிய நட்டு மேற்பாலத்தின் பாரத்தை மட்டுமே தாங்கும்.

அத்துணை நீண்ட கோலில் மரை வெட்டுதலும், அம்மரை சிதையாமற் கோலைப் பொருத்துதலும் தொல்லை. ஆதலின், உருக்கு வேலை செய்தோர் ஒரு கோலை இரு கோல்களாக்கினர்: ஒன்று கூரையிலிருந்து மேற்பாலத்துக்கு, மற்றொன்று மேற்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு. வரைபடத்தில் இது ஒரு சிறு கோட்டின் மாற்றமாகவே தோன்றும். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். ஒரே கயிற்றில் இரண்டு முடிச்சிட்டு, முடிச்சுக்கு ஒரு பானையாக இரண்டு பானைகளைத் தொங்கவிடுதல் வேறு. மேற்பானையின் கழுத்திலேயே இன்னொரு கயிற்றைக் கட்டிக் கீழ்ப்பானையைத் தொங்கவிடுதல் வேறு. இரண்டாம் முறையில் மேல் முடிச்சு இரு பானைகளையும் சுமக்கும். அவ்வாறே, மேற்பாலத்தின்கீழ் இருந்த நட்டின்மேல் இருமடங்கு பாரம் ஏறிற்று.

மாற்றிய வரைபடத்தின்மீது பொறியியல் நிறுவனத்தின் ஒப்புதல் முத்திரை விழுந்தது; மாறிய இணைப்புக்கு உரிய கணக்கு மட்டும் செய்யப்படவில்லை. 1981 ஆம் ஆண்டு யூலை 17 ஆந் திகதி மாலை, மண்டபத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தபோது இரு நடைபாலங்களும் மக்கள்மேல் வீழ்ந்தன. மாண்டோர் 114 பேர். காயமுற்றோர் இருநூற்றுக்கு மேற்பட்டோர். முதல் வரைபடமும் நகரக் கட்டட விதி வேண்டிய வலிமையில் நூற்றுக்கு 60 பங்கையே உடையதாயிருந்தது என்று ஆராய்ந்தோர் பின்னர்க் கண்டனர். மாற்றம் வந்த அந்நாளில் எவரேனும் அவ்விணைப்பை மீளக் கணித்திருந்தால், புதிய பிழையோடு பழைய பிழையும் அகப்பட்டிருக்கும். பொறுப்புடைய பொறியியலாளர் இருவரின் தொழில் உரிமத்தை மிசூரி மாநிலம் இரத்துச் செய்தது. தாம் கணித்துப் பாராததன்மேல் விழுந்த முத்திரைக்கும் அவர்களே பொறுப்பாளிகள் ஆயினர்.

மாறாத வடிவமைப்பு, மாறிய பயன்

வரைபடத்தில் ஓர் எழுத்தும் மாறாதிருக்கவும் ஒப்புதல் காலாவதியாதல் உண்டு. 1996 ஆம் ஆண்டு யூன் 4 ஆந் திகதி, பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவுகணை முதன்முறை எழுந்தது. அதன் திசையறி கருவியும் அதனை இயக்கும் கணினி நிரலும் முந்திய ஏரியன் 4 இல் நன்கு உழைத்தவை. ஆதலின் அவ்வாறே எடுத்தாளப்பட்டன. ஆனால் புதிய ஏவுகணையின் கிடைவேகம் பழையதினும் மிக விரைவில் உயர்ந்தது. அவ்வேகத்தைச் சார்ந்த எண்ணொன்று, நிரலில் அதற்கென ஒதுக்கியிருந்த சிறு இடத்துட் கொள்ளாது போயிற்று. முதன்மைக் கருவி, துணைக்கருவி இரண்டிலும் ஒரே நிரல் இருந்தமையால் இரண்டும் ஒருங்கே செயலிழந்தன. எழுந்து ஏறக்குறைய நாற்பது வினாடிக்குள், நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களோடு ஏவுகணை சிதறியது. அந்நிரல் ஆராயப்பட்டதுதான்; ஆனால் ஆராயப்பட்டது ஏரியன் 4 இன் பாதைக்கு.

இம்மூன்றனையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஒன்று விளங்கும். எவ்விடத்தும் கணிக்கும் அறிவு இல்லாமற் போகவில்லை. ஒப்புதல் ஒரு பதிப்பைப் பார்த்து நிற்க, செய்பொருள் வேறொரு பதிப்பாய் நடந்து சென்றுவிட்டது. அவ்விரண்டுக்கும் இடையே கிடந்த வெளியிலே மனிதர் வீழ்ந்தனர்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

எம் பழைய மாணவர் விளக்கியவற்றையும் யாம் கற்றவற்றையும் கொண்டு சில முறைகளைத் தொகுத்துக் கூறுகின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு வரைபடமும் தன் எண்ணையும் பதிப்பெழுத்தையும் தாங்கியிருத்தல் வேண்டும். படத்தின் மூலையில் ஒரு சிறு அட்டவணை இட்டு, எப்பதிப்பில், எந்நாளில், யாரால், என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதை எழுதுதல் நன்மரபு. எழுத்தில்லாத படத்தை மீளாய்வுக்கு ஏற்றலாகாது.

இரண்டாவது, மீளாய்வுப் பதிவேட்டின் முதல் வரியே, ஆராயப்பட்ட படங்களின் எண்ணும் பதிப்புமாக இருத்தல் வேண்டும். படம் மட்டும் போதாது. அப்படம் எந்தப் பாரக் கணக்கை, எந்த உலோக விவரத்தை, எந்தப் பயனை அடிப்படையாகக் கொண்டது என்பதும், அவ்வடிப்படைகளின் பதிப்பும் உடன் குறிக்கப்படல் வேண்டும். கியூபெக்கிற் பிரிந்து நின்றவை படமும் பாரக்கணக்கும்; கூருவிற் பிரிந்து நின்றவை நிரலும் பயனும்.

மூன்றாவது, மீளாய்வு நடக்குங் காலத்து ஆராயப்படும் பதிப்பை அசைத்தலாகாது. வடிவமைப்போர் கைகட்டி இருக்கவேண்டும் என்பதன்று இதன் கருத்து. புதிய எண்ணங்கள் அடுத்த பதிப்பிற் சேர்க. ஆராய்வோர் ஐவராயின் ஐவர் கையிலும் ஒரே பதிப்பு இருத்தல் வேண்டும்.

நான்காவது, ஆராய்ந்தோர் கூறும் குறை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, அது ஏற்கப்பட்டதா, காரணங் காட்டி மறுக்கப்பட்டதா, ஏற்கப்பட்டதாயின் எப்பதிப்பிற் திருத்தப்பட்டது என்பதை எதிரே எழுதுதல் வேண்டும். "கவனிக்கப்பட்டது" என்னும் சொல் விடையாகாது. திருத்திய பதிப்பைக் குறைப்பட்டியலோடு ஒருவர் ஒப்புநோக்கி முடித்தபின்னரே மீளாய்வு முற்றுப்பெறும்.

ஐந்தாவது, ஒப்புதலுக்குப் பின் வரும் மாற்றம் எதுவாயினும் புதிய பதிப்பே. "எதனை மாற்றினீர்?" என்பதோடு நில்லாமல், "மாற்றியதைச் சார்ந்து நிற்பவை எவை?" என்றும் வினவுதல் வேண்டும். கோலை மாற்றியவர் கோலை மட்டும் பார்த்தார்; கோலைச் சார்ந்த நட்டை எவரும் பார்க்கவில்லை.

ஆறாவது, பழைய பிரதிகளை வேலைத்தலத்தினின்று மீட்டெடுத்தல் வேண்டும். தாளுக்குரிய இவ்விதி கணினிக்கும் உரியது. இக்காலத்துக் கோப்புக்கள் "இறுதி", "இறுதி இரண்டு", "உண்மையான இறுதி" என்று பெயர் சூடி வரிசையாய் நிற்கக் காண்கின்றோம். இறுதி என்பது பெயரன்று. எண்ணும் நாளுமே பெயர்.

ஒரு தடை

"சிறு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் முழு மீளாய்வு செய்யப் புகுந்தால் வேலை எவ்வாறு நடக்கும்?" என்று வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. எல்லாவற்றையும் எல்லோரும் மீண்டும் மீண்டும் பார்க்கவேண்டும் என்று விதித்தால், படியாமலே கையொப்பமிடும் பழக்கம் வளரும். அது மீளாய்வே இல்லாமையினும் தீது. ஆதலின் மாற்றங்களைத் தரம் பிரித்தல் தக்கது. எழுத்துப்பிழை திருத்தலாயின் பதிவு மட்டும் போதும். ஓர் உறுப்பினுள் அடங்கும் மாற்றமாயின், அவ்வுறுப்பையும் அதனோடு இணையும் உறுப்புக்களையும் பார்த்தல் போதும். பாரம், உலோகம், இணைப்பு, அளவு, பயன் ஆகியவற்றில் ஒன்று மாறினால், கணக்கை அடியிலிருந்து தொடங்குதல் வேண்டும். எத்தரம் என்று தீர்ப்பவர் மாற்றியவராக இருத்தல் மட்டும் ஆகாது. தம் மாற்றம் சிறிது என்றே எவர்க்கும் தோன்றும்.

முடிவுரை

கல்வி கற்று உயர்ந்தோர் வாழ்க்கையில் ஒரு நாள் வரும். அன்று அவர்தம் கையொப்பத்துக்காகப் பிறர் காத்து நிற்பர். பேனாவைக் கையில் எடுக்கும்போது எம் பழைய மாணவர்கள் தம்முள் ஒரு கேள்வியைக் கேட்பார்களாக: "யான் படித்தது எது? என் பெயர் நிற்கப்போவது எதன்மேல்? இரண்டும் ஒன்றோ?" ஒன்றாயின் இடுக, அன்றாயின் பேனாவைக் கீழே வைக்க. சிறிது காலம் தாழ்க்கும்; சிலர் முகஞ் சுளிப்பர். அதனாற் கேடில்லை. இரண்டு புள்ளியாற் தோற்றவனாய் ஒரு விடுமுறையைக் கழித்த அச்சிறுவனின் முகம் எமக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று தொட்டு, பக்கந்தோறும் நாளும் பதிப்பும் குறியாத எந்த வினாத்தாளிலும் யாம் கையொப்பம் இடுவதில்லை.

விழாக் கொண்டாடும் கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் பெயரைத் தாங்குவோர் இடும் ஒப்பம் ஒவ்வொன்றும் மெய்யாய் நிற்க!